முந்நூற்றுப் பதின்மூன்றாவது கடிதம்

"‘அம்மையீர்’னு ஆரம்பிக்கிறான் பாருங்க! அந்த ஒரு வார்த்தைக்கே இவன் மேல கேஸ் போடலாம்!"

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கேள்வியம்மா போட்ட சத்தத்தில், அடுத்த அறையில் வாசித்துப் பழகிக்கொண்டிருந்த செய்தி வாசிப்பாளர் வானிலை அறிக்கையை முதலிலிருந்து ஆரம்பித்தார்.

கேள்வியம்மா என்பது வானொலி நிலையத்தில் அவளுக்கு விழுந்த பெயர். சனிக்கிழமைதோறும் மாலை நாலரை மணிக்கு வரும் ‘ஏன்? எதனால்?’ நிகழ்ச்சி அவளுடையது. பாதி வினாடி வினா, பாதி அறிவியல். கேள்வி எழுதுவது, போட்டியாளரைப் பிடித்து வருவது, விஞ்ஞானியைப் பேச வைப்பது, பேச ஆரம்பித்த விஞ்ஞானியை நிறுத்துவது எல்லாம் அவளே. பதினான்கு வருஷம். பெற்ற பெண்கள் இரண்டு பேரும் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். இந்த அரை மணி நேரம் மட்டும்தான் இன்னும் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

ஊதா மையில், இடப்பக்கம் சாய்ந்த எழுத்தில் இருந்த அந்தக் கடிதத்தை எதிரே நின்றவரிடம் வாசித்துக் காட்டினாள்.

"‘அம்மையீர், தீவு நாட்டு வானொலியின் வினாடி வினாவில், போட்டியாளர் தவறாகச் சொன்னால் நடத்துபவரும் சேர்ந்து சிரிக்கிறார். தாங்கள் தவறு என்று சொல்லும்போது என் வீட்டு ஜன்னல் தானாகச் சாத்திக்கொள்கிறது. இப்படிக்கு, நிரந்தர நேயர்.’ கேட்டீங்களா முத்திரை சார்? ஜன்னல் சாத்திக்குதாம்!"

எதிரே நின்றவர் பதிவேட்டுப் பிரிவுக்காரர். எந்தத் தாள் வந்தாலும் தேதி முத்திரை, எண் முத்திரை, ‘பெறப்பட்டது’ முத்திரை. பேனா பிடித்து யாரும் பார்த்ததில்லை. அதனால் முத்திரை. இடது காதிலிருந்து ஒரு வயர் இறங்கிச் சட்டைப் பைக்குள் போகும். காது மிஷின் என்று எல்லோரும் அவரிடம் கத்தித்தான் பேசுவார்கள்.

"இது அவரோட முந்நூத்தி எட்டாவது புகார் மேடம்," என்றார் முத்திரை. "வாங்கிக்கிட்டதா ஒரு கையெழுத்து."

"ஆறு வருஷமா வாரம் ஒண்ணு! அந்த நாட்டுல அப்படிப் பண்றாங்க, இந்த நாட்டுல இப்படிப் பண்றாங்கன்னு! அவ்வளவு நல்லா இருந்தா அங்கயே போய்க் கேட்டுத் தொலைய வேண்டியதுதானே? நம்ம உயிரை ஏன் எடுக்கிறான்?"

"கேக்குது மேடம். கொஞ்சம் மெதுவாவே சொல்லலாம்."

"என்ன?"

"ஒண்ணுமில்ல மேடம்."

கையெழுத்துப் போட்டு முடிப்பதற்குள் இயக்குநர் கூப்பிடுவதாக ஆள் வந்தது.

இயக்குநர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. யாருடைய நிகழ்ச்சியை மூடினாலும் அவர்களுக்குக் காபி வாங்கிக் கொடுத்துத்தான் மூடுவார். கேள்வியம்மா உட்காரும்போதே மேசையில் காபி இருந்தது. அந்தச் சனிக்கிழமை நாலரை மணி மேல் பாட்டுப் பிரிவுத் தலைவருக்கு வெகு நாளாக ஒரு கண் என்பது ஊருக்கே தெரியும்.

"அம்மா, உங்க நிகழ்ச்சி மேல அறுபத்தோரு புகார் தீராம நிக்குது," என்றார் இயக்குநர்.

"எல்லாம் ஒரே ஆள் சார்! பொய் சார்! வெளிநாட்டு வானொலியை எல்லாம் இவன் கேட்டானாக்கும்!"

"பொய்னா பொய்னு எழுதிக் குடுங்க. நிஜம்னா சரி பண்ணிட்டேன்னு எழுதிக் குடுங்க. நான் உடனே கையெழுத்துப் போட்டுடறேன். எல்லாம் தீரட்டும். அப்புறம் உங்க நிகழ்ச்சியைப் பத்தி நல்ல முடிவா எடுத்துடலாம்."

அவர் சிரித்த சிரிப்பில் அன்பு வழிந்தது. கேள்வியம்மா காபியைத் தொடாமல் எழுந்து வந்தாள். தாழ்வாரத்திலேயே பாட்டுப் பிரிவுத் தலைவரை மறித்தாள்.

"நேருக்கு நேரா சொல்லுங்க. அந்தக் கடிதம் எல்லாம் நீங்கதானே எழுதறீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் உங்க நிகழ்ச்சியைக் கேட்டாத்தானேம்மா புகார் எழுத!"

இதற்கு அவர் ‘ஆமாம்’ என்று சொல்லியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேசையில் ஒரு நீளத் தாளை விரித்துக் கட்டம் போட்டாள். ஒரு பக்கம் நிரந்தர நேயர் சொன்னது, மறுபக்கம் உண்மை. நடுவில் ‘புளுகு’ என்று எழுத ஒரு பத்தி. அந்தப் பத்தியை மட்டும் நல்ல அகலமாக விட்டாள். அவள் வீட்டுக்காரர் பொய்ப்பல் செய்கிறவர். மேசையின் மறுமுனையில் யாருடைய கீழ்த்தாடையையோ ராவிக்கொண்டிருந்தார்.

முதலில் தீவு நாட்டு வானொலியைத் திருகிப் பிடித்தாள். ஒரு போட்டியாளர் ஏதோ உளறினார். நடத்துபவர் சிரித்தார், கூட்டம் சிரித்தது, உளறியவரும் சிரித்தார். மேசையின் மறுமுனையிலும் ஒரு சிரிப்பு கேட்டது.

"உங்களுக்கு அந்தப் பாஷையே தெரியாதே!"

"தெரியாதுதான். ஆனா அந்த ஆளு தப்பாச் சொல்லிட்டு எவ்வளவு சந்தோஷமா இருக்கான் பாரு."

"என் நிகழ்ச்சிக்கு என்னிக்காவது இப்படிச் சிரிச்சிருக்கீங்களா?"

வீட்டுக்காரர் தாடையை வெளிச்சத்தில் பிடித்து உற்றுப் பார்க்க ஆரம்பித்தார். முப்பத்தைந்து வருஷக் குடித்தனத்தில் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கூடாது என்று கற்றுக்கொண்டவர்.

அடுத்து பனி நாடு. அங்கே கேள்வி கேட்டுவிட்டு ஒரு முழு நிமிஷம் பேசாமல் இருந்தார்கள், நேயர்கள் யோசிக்கட்டும் என்று. மலை நாட்டில் நிகழ்ச்சியிலேயே சோதனை செய்து அதன் சத்தத்தைக் கேட்க வைத்தார்கள். சமவெளி நாட்டில் ஒரு பெரிய பேராசிரியரிடம் நேயர் ஏதோ கேட்க, அவர் "எனக்குத் தெரியாது" என்றார். நிகழ்ச்சி நடத்துபவர் அதற்கு நன்றி வேறு சொன்னார்.

மாலைக்குள் தாள் நிரம்பிவிட்டது. ‘புளுகு’ என்ற அகலமான பத்தி மட்டும் அப்படியே காலியாக இருந்தது.

"ஒண்ணுகூடப் பொய் இல்லையாடி?" என்றார் வீட்டுக்காரர்.

"ஒண்ணுகூட இல்ல! பொய் சொல்லியிருந்தாலாவது இவனை மன்னிச்சிருப்பேன்!" என்று கத்தினாள். பேனா மூடி பறந்துபோய், பல் அச்சு எடுக்கும் மாவுப்பொடி டப்பாவில் விழுந்தது, இரண்டு நாள் கழித்து யாருடைய மேல்வரிசையிலோ கிடைத்தது.

சரி செய்துவிடுவது என்று முடிவு கட்டினாள். ஒவ்வொரு புகாராக நேர் செய்து, நிரந்தர நேயனின் வாயை நிரந்தரமாக அடைப்பது. மறுநாள் முந்நூற்று ஒன்பதாவது கடிதம் வந்தபோது, சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து முத்திரை ஓரடி பின்னால் நகர்ந்தார்.

அந்தச் சனிக்கிழமை ஒரு வங்கி மேலாளர் போட்டியாளர்.

"ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம்?"

"எட்டு."

கேள்வியம்மாவின் தொண்டை வரை ‘தவறு’ வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு, பயிற்சி செய்து வைத்திருந்தபடி சிரித்தாள். "ஹா. ஹா. ஹா. மூன்று."

வீட்டுக்குப் போனதும் ஆவலாகக் கேட்டாள், "எப்படி இருந்துச்சு?"

"யாரோ கதவைத் தட்டறாங்கன்னு எழுந்து போய்ப் பார்த்தேன்," என்றார் வீட்டுக்காரர்.

திங்கட்கிழமை இரண்டு கடிதம். தன் ஊழியர்கள் முன்னால் தலைகாட்ட முடியவில்லை, வானொலியில் வைத்து ஏளனம் செய்துவிட்டார்கள் என்று வங்கி மேலாளர் இரண்டு பக்கம் எழுதியிருந்தார். நிரந்தர நேயர் இரண்டே வரி: "அம்மையீர், தாங்கள் சிரித்ததைக் கேட்டேன். பழைய ‘தவறு’ எவ்வளவோ மேல்."

"பார்த்தீங்களா? சிரிக்கலைன்னாலும் திட்டறான், சிரிச்சாலும் திட்டறான்!"

"முந்நூத்தி பத்து மேடம். கையெழுத்து."

அடுத்த சனிக்கிழமை பனி நாட்டு முறை. கேள்வியைக் கேட்டாள். "நேயர்களே, இப்போது ஒரு நிமிடம் யோசியுங்கள்" என்று சொல்லிவிட்டு வாயை இறுக மூடிக்கொண்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவுத் தம்பி கையைக் காலை ஆட்டிக் குதித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் யோசிக்கப் பொறுமையில்லை என்று நினைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்தபோது நிலையத்தில் இருந்த எல்லாத் தொலைபேசிகளும் அடித்துக்கொண்டிருந்தன.

"என்னாச்சு தம்பி?"

"அக்கா, இருபது செகண்டுக்கு மேல சத்தம் இல்லைன்னா மிஷின் தானாவே ஒரு இசையைப் போட்டுடும் அக்கா. பெரியவங்க யாராவது தவறிட்டா போடற சோக இசை."

"அதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"நீங்க அமைதியா இருக்கப் போறேன்னு சொல்லலையே அக்கா! பதினாலு வருஷத்துல இருந்ததும் இல்லையே!"

யார் போய்விட்டார்கள் என்று ஊரே கேட்டது. கடைவீதியில் பாதிக் கடை சாத்திவிட்டார்கள். நகராட்சிக் கட்டடத்தில் கொடியை அரைக்கம்பத்துக்கு இறக்கினார்கள், யாருக்காக என்று இறக்கியவருக்கே தெரியாது. ஓய்வுபெற்ற மந்திரி ஒருவர் தாமே தொலைபேசியில் வந்து, "நான் இல்லையே?" என்று உறுதி செய்துகொண்டார்.

திங்கட்கிழமை பதினோரு புகார். நிரந்தர நேயர் மட்டும் தன்மையாக எழுதியிருந்தார்: "அம்மையீர், பனி நாட்டில் சாவதில்லை. யோசிக்க மட்டும் செய்கிறார்கள்."

அந்தக் கடிதத்தை அவள் கிழிக்கப் போனாள். முத்திரை முதல் முறையாக ஒரு மனிதரைப்போலக் கை நீட்டித் தடுத்தார்.

"கிழிக்கக் கூடாது மேடம். புகார்ங்கறது ஆவணம்."

"ஆவணமா? எனக்கு ரத்தக் கொதிப்பு!"

மூன்றாவது வாரம் மலை நாட்டு முறை. கொதிக்கிற தண்ணீரை ஊற்றினால் ஒரு சத்தம், குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் வேறு சத்தம். கண்ணை மூடிக்கொண்டே எது சூடு, எது குளிர் என்று சொல்லிவிடலாம். அருமையான சோதனைதான். கேள்வியம்மா ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் வைத்து ஊற்றினாள். நேயர்களுக்குச் சரியாகப் புரிய வேண்டுமே என்று மறுபடி ஊற்றினாள். நாலு நிமிஷம் விடாமல் ஊற்றினாள்.

இந்த முறை வந்த புகார்களில் ஒன்று, வெளியூர்ப் பேருந்து ஒன்றின் பயணிகள் முப்பத்தெட்டுப் பேரும் கையெழுத்திட்டு அனுப்பியது. பேருந்தில் வானொலி ஓடிக்கொண்டிருந்ததாம். நாலாவது நிமிஷத்தில் ஓட்டுநரே வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு முதல் ஆளாக இறங்கி ஓடினாராம்.

முந்நூற்றுப் பன்னிரண்டாவது கடிதத்தில் நிரந்தர நேயர், "அம்மையீர், ஒரு டம்ளர் போதும்" என்று முடித்திருந்தார்.

கேள்வியம்மா அன்று கத்தவில்லை. கோபம் எல்லையைத் தாண்டினால் அவளுக்குக் குரல் கீழே போய்விடும். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். வங்கி மேலாளருக்கு மன்னிப்புக் கடிதம், பேருந்துக்காரர்களுக்கு மன்னிப்புக் கடிதம், ஓய்வுபெற்ற மந்திரிக்கு நீடூழி வாழ வாழ்த்து. பிறகு நிரந்தர நேயரின் பழைய புகார்கள் ஒவ்வொன்றாக எடுத்து, இன்னதைச் சரி செய்துவிட்டேன் என்று எழுதினாள். ஐந்து நாளும் எழுதினாள். விடுப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட மூன்று வாரம் எடுக்கும் இயக்குநர், இவற்றில் நின்றபடியே கையெழுத்துப் போட்டார். "அப்படித்தாம்மா! அப்படித்தான்!" என்று உற்சாகம் வேறு.

முத்திரைதான் ‘தீர்ந்தது’ என்ற முத்திரையைக் குத்துவதற்கு அழுதார்.

"அவசரம் ஒண்ணுமில்லையே மேடம். மெதுவா ஆகட்டுமே."

"குத்துங்க!"

"மை காஞ்சுபோச்சு மேடம்."

"எச்சில் தொட்டுக் குத்துங்க!"

வெள்ளிக்கிழமை மாலை ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது. விஞ்ஞானிகள் தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில்லை என்ற புகார்.

சனிக்கிழமை வந்த விஞ்ஞானி, எதைக் கேட்டாலும் பதினோரு நிமிஷம் பேசக்கூடியவர். தொலைபேசியில் ரொட்டிக்கடை வைத்திருக்கும் ஒரு பெண் கேட்டாள்: "ஐயா, ஒருத்தர் கொட்டாவி விட்டா பக்கத்துல இருக்கறவங்களுக்கும் வருதே, அது ஏன்?"

"கொட்டாவி என்பது," என்று தொடங்கினார் விஞ்ஞானி, "ஆதிகாலம் முதல்…"

ஐந்து வாரக் கோபம் கேள்வியம்மாவின் தலைக்கு ஏறியது.

"ஐயா! தெரியுமா, தெரியாதா?"

விஞ்ஞானி திகைத்தார். தண்ணீர் குடித்தார். பிறகு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோலச் சொன்னார்: "முழுசா இன்னும் யாருக்கும் தெரியாதும்மா. சில யூகம் இருக்கு. எனக்கும் தெரியாது." சொன்ன கையோடு அவருக்கே பெரிதாக ஒரு கொட்டாவி வந்தது. ரொட்டிக்கடைப் பெண் தொலைபேசியில் கொட்டாவி விட்டாள். கண்ணாடிக்கு அப்பால் ஒலிப்பதிவுத் தம்பி. கேள்வியம்மா வாயைப் பொத்திக்கொண்டாள், முடியவில்லை. வாயைத் திறந்தவள் அப்படியே சிரித்துவிட்டாள். பயிற்சி செய்யாத சிரிப்பு. அவள் சிரித்ததைக் கேட்டு விஞ்ஞானி சிரித்தார். அதன் பிறகு யாரும் பத்தொன்பது விநாடி எதுவுமே பேசவில்லை, மிஷின்கூட வாயைத் திறக்காமல் பொறுத்துக்கொண்டது. பிறகு அந்தத் தெரியாத விஷயத்தைப் பற்றி எல்லோரும் சேர்ந்து இருபது நிமிஷம் யோசித்தார்கள்.

வீட்டில் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "தாடை வலிக்குதுடி. இன்னிக்கு நாலு கொட்டாவி, மூணு சிரிப்பு."

திங்கட்கிழமை காலை பத்து மணி. முத்திரை வந்தார். கையில் கடிதம் இல்லை. முகத்தில் ரத்தம் இல்லை.

"என்ன, நிரந்தர நேயர் நிரந்தரமாப் போயிட்டாரா?"

"இன்னிக்கு… எதுவும் வரல மேடம்."

ஆறு வருஷத்தில் முதல் தடவை! கேள்வியம்மா எழுந்து நின்று கையைத் தட்டினாள். மிஞ்சியிருந்த கடைசிப் புகாரை எடுத்து, சனிக்கிழமை நிகழ்ச்சியில் சரி செய்யப்பட்டது என்று எழுதி, தானே ஓடிப்போய் இயக்குநரிடம் கையெழுத்து வாங்கி வந்தாள்.

"குத்துங்க."

"மேடம், ஒண்ணே ஒண்ணு இருக்கட்டுமே மேடம். அடுத்த திங்கள் வரைக்கும்."

"எதுக்கு? சட்டம் போட்டு மாட்டவா?" அவர் கையிலிருந்த முத்திரைக் கட்டையைப் பிடுங்கி, அவளே ஓங்கிக் குத்தினாள். மேசை அதிர்ந்தது. தீர்ந்தது.

சாயங்காலம் நாலரை மணிக்கு இயக்குநர் கூப்பிட்டார். மேசையில் காபி. பக்கத்தில் ஒரு தட்டு பிஸ்கட்.

"அம்மா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல."

"என் கடமை சார்."

"அடுத்த சனிக்கிழமையிலேர்ந்து நாலரை மணிக்குப் பாட்டு. உத்தரவு போட்டாச்சு. அஞ்சு மணிக்குப் பதிவேட்டுல ஏறினா அமலுக்கு வந்துடும்."

கேள்வியம்மா எழுந்துவிட்டாள். "புகார் எல்லாம் தீர்த்துட்டேனே சார்! ஒண்ணுகூட இல்லையே!"

"அதாம்மா! விதிப் புத்தகம் நாற்பத்தேழாவது விதி. நேயர் புகார் ஒண்ணு தீராம இருந்தாக்கூட அந்த நிகழ்ச்சியை மூட முடியாது. புகாரை மறைக்கத்தான் மூடினோம்னு ஆயிடுமாம். நானும் எத்தனை வருஷமாப் பார்க்கறேன், மூடலாம்னு கோப்பை எடுத்தா அந்த ஆளோட கடிதம் ஒண்ணு புதுசா வந்து குறுக்க நிக்கும். நல்லவேளை, நீங்களே வழி பண்ணீங்க. பிஸ்கட் எடுத்துக்குங்க."

"வேற ஒரு புகார் வந்தா?"

"அஞ்சு மணிக்குள்ள வந்தா நான் ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா அந்த ஆளுதான் இப்ப திருப்தி ஆயிட்டாரே!"

கேள்வியம்மா படிக்கட்டில் இறங்கவில்லை, உருண்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஆறு வருஷமாக யாருடைய கழுத்தை நெரிக்க ஆசைப்பட்டாளோ, அவருடைய காலைப் பிடிக்க ஓடினாள். எங்கே இருக்கிறானோ! உயிரோடு இருக்கிறானோ! இத்தனை வருஷம் விடாமல் எழுதியவன் இந்த ஒரு வாரம் எழுதாமல் என்ன செய்துகொண்டிருந்தான், பாவி!

பதிவேட்டு அறைக் கதவைத் தள்ளித் திறந்தாள். சுவர்க் கடிகாரத்தில் நாலு ஐம்பது.

"முத்திரை சார்! அந்த ஆளோட விலாசம் குடுங்க! உடனே! கால்ல விழுந்தாவது ஒரே ஒரு புகார் வாங்கணும்!"

முத்திரை நிமிர்ந்தார். இடது பக்கம் மூடும் உத்தரவு, எண் போடாமல் கிடந்தது. காதிலிருந்து வயரை மெதுவாகக் கழற்றி மேசைமேல் வைத்தார். அதற்குள்ளிருந்து சின்னதாகக் கூட்டமாய் ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. அன்று சாப்பாட்டு மேசையில் அவள் கேட்ட அதே தீவு நாட்டுச் சிரிப்பு. வலது கையில், ஆமாம், பேனா. அவருக்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாள், அதில் அதே இடப்பக்கம் சாய்ந்த எழுத்தில், அதே ஊதா மையில், ஒரே ஒரு வார்த்தை: ‘அம்மையீர்’.

"போன சனிக்கிழமை கேட்டுக்கிட்டே அப்படியே உட்கார்ந்துட்டேன் மேடம், எழுதவே மறந்துபோச்சு, இப்பவும் காலையிலேர்ந்து யோசிச்சுப் பார்க்கறேன், எதுவுமே தோண மாட்டேங்குது, இன்னும் பத்து நிமிஷம்தான் இருக்கு, சீக்கிரம் சொல்லுங்க, உங்க நிகழ்ச்சியில அப்படி என்னதான் குறை?"